ஆல்ப்ஸ் மலையில் கட்டிய டோலி

1

வெட்டி அடுக்கியிருந்த மரக்கழி ஒன்றை அனுமதியில்லாமல் எடுத்துவிட்டேன், மன்னிக்கவும் என்று இங்கே உள்ள வன அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன். இரண்டு மாதம் கழித்து நேற்று பதில் வந்தது. கழியின் நீளம், பருமன், என்ன மரம், எந்த அடுக்கிலிருந்து எடுத்தது, எதற்காக எடுத்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு படிவம். அடியில் மட்டும் யாரோ பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: "தூக்கிவரப்பட்டவர் நலமா?"

நலம்தான். தூக்கிவரப்பட்டவர் தொண்ணூற்றிரண்டு கிலோ. கணுக்காலில் மூன்று ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். நேற்றுகூடப் போன் செய்து, வத்தக்குழம்பு வைத்தால் எனக்கு ஒரு டப்பா எடுத்து வை என்று உத்தரவு போட்டார்.

படிவம் நிரப்புவது எனக்குப் புதிதல்ல. தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன நகரத்து மருத்துவமனையில், முதியோர் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். வந்து ஏழு வருஷம் ஆகிறது. நான் படித்த நர்சிங் படிப்பு உண்மையிலேயே நர்சிங் படிப்புதான் என்று இவர்கள் ஒப்புக்கொள்வதற்கே இரண்டு வருஷம் ஆனது. எத்தனை மணி நேரம் உடற்கூறு படித்தாய், எத்தனை மணி நேரம் பிரசவ வார்டில் நின்றாய் என்று மணிக்கணக்கில் கேட்டார்கள். அதுவரை உதவியாளர் என்ற பெயரில் படுக்கை விரிப்பு மாற்றினேன், சாப்பாட்டுத் தட்டு எடுத்தேன். கோபம் வரும். மொழி போதாததால் ஜெர்மனில் கோபப்படத் தெரியாது, வீட்டுக்கு வந்து தமிழில் கோபப்படுவேன். என் வீட்டுக்காரர் மணிதான் பாவம்.

இந்த மரக்கழிப் படிவத்தை மட்டும் சந்தோஷமாக நிரப்பிக்கொண்டிருக்கிறேன். "எதற்காக" என்ற கட்டத்தில் இடம் போதவில்லை. அதனால்தான் மீதியை இங்கே எழுதுகிறேன்.

2

எங்கள் நகரத்தில் பதினைந்து தமிழ்க் குடும்பங்கள் இருக்கும். புதிதாக யாரைப் பார்த்தாலும் முதலில் பெயர் கேட்பார்கள், அடுத்தது ஊர். கள்ளக்குறிச்சி என்பேன். அத்தோடு விட்டுவிட்டால் நம் ஆட்களே இல்லை.

"கள்ளக்குறிச்சியில எந்தப் பக்கம்?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம்."

பொய்யில்லை. மணியின் வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். நர்சிங் படித்தபோது நான் தங்கியிருந்த ஹாஸ்டலும் அதே பக்கம்தான். ஆனால் நான் பிறந்தது அங்கே இல்லை. கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே, மூங்கிலோடை என்று முப்பது வீட்டு ஊர். நாங்கள் மலைமேல் சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற பழங்குடி. சாதிச் சான்றிதழுக்காக என் அப்பா கீழே இறங்கி நடந்த நடையைச் சொன்னால் இந்த ஜெர்மன் அலுவலகங்கள் எல்லாம் எனக்குச் சொந்தக்காரர் வீடு மாதிரி.

ஏன் மறைத்தேன் என்று கேட்கலாம். வெட்கம் இல்லை, அலுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஹாஸ்டலில் மூன்று வருஷம் என் பெயர் பூங்கொடி இல்லை, "மலைப்பொண்ணு". தேன் கொண்டாந்தியா, கரடி பாத்தியா, உங்க ஊர்ல சோப்பு இருக்கா என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை விமானம் ஏறி வந்த பிறகும் கேட்க வேண்டுமா என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அது அலுப்பும் இல்லை, பயம்.

இதில் கெட்டது என்னவென்றால், என் மகள் நிலாவிடமும் அந்தப் பஸ் ஸ்டாண்டு கதையோடு நிறுத்திக்கொண்டேன். லீவுக்குப் போனால் மணியின் வீட்டில் தங்குவோம். என் அப்பாவும் அம்மாவும் மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வருவார்கள். பஸ் ஸ்டாண்டில் போய் அழைத்து வருவோம், இரண்டு நாள் கழித்து அங்கேயே கொண்டுபோய் விடுவோம். அவர்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கோ குடியிருக்கிறார்கள் என்றே நிலா நினைத்துக்கொண்டிருந்தாள். பதினொரு வயதுப் பெண், கேட்டால் புரிந்துகொள்கிற வயது. நான் திருத்தவில்லை.

3

செப்டம்பரில் ஒரு சனி ஞாயிறு, ஆல்ப்ஸ் அடிவாரத்தில் வீடு எடுத்துத் தங்கலாம் என்று ஏற்பாடு செய்தவர் தனசேகர் அண்ணன். திருநாவலூர்க்காரர், நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பம். இங்கே வந்து இருபது வருஷமாகத் தொழிற்சாலை வேலை. எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவராகவே இருக்கிறார். நல்ல மனிதர். நான் மொழி தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த நாட்களில் எங்களுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்தவர் அவர். அதனால்தான் அவர் சொன்னது அவ்வளவு சுட்டது.

மொத்தம் பதினோரு பேர் கிளம்பினோம். மணிக்கு அந்த வாரம் வேலை, வரவில்லை. பதினோரு பேருக்கு நாற்பது பேர் சாப்பாடு. புளிசாதம், எலுமிச்சை சாதம், இட்லிக் குண்டான், ஒரு பக்கெட் மாவு. தனசேகர் அண்ணனின் மனைவி கலா அக்கா புல்லில் விரிக்க ஒரு பெரிய ஜமுக்காளமும் சுருட்டி வந்திருந்தார். மலைக்குப் போகிறோமா, கல்யாணத்துக்குப் போகிறோமா என்று எல்லோரும் கேலி செய்தோம்.

வாடகைக்கு எடுத்த வீட்டின் குளிர்பெட்டிமேல் விதிமுறைகள் ஒட்டியிருந்தன. குப்பையை நான்கு வகையாகப் பிரிக்க வேண்டும், செருப்போடு உள்ளே வரக் கூடாது, பகல் ஒன்றிலிருந்து மூன்று வரை சத்தம் போடக் கூடாது. தனசேகர் அண்ணன் அதை உரக்கப் படித்துவிட்டு, "தமிழனக் கூட்டியாந்து வெச்சிக்கினு சத்தம் போடாதன்றான். இன்னா நாயம்டா இது?" என்றார். சரியாக ஒன்றரை மணி.

சாயங்காலம் டீயோடு எல்லோரும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினோம். ஆளாளுக்கு அவரவர் ஊரைப் பற்றிச் சொன்னார்கள். தனசேகர் அண்ணன் முறை வந்தது. அவர் கதை சொன்னால் நடித்துத்தான் சொல்வார்.

"எங்க கொல்லையில கரும்பு வெட்டுக்கு மலையிலேர்ந்து ஆளுங்க வருவாங்க. ஒரு தூக்கு கூழு ஊத்துனா போதும், பொழுதன்னிக்கும் வெட்டிக்கினே இருப்பானுங்க. ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டானுங்க. ஒண்ணும் தெரியாத காட்டு ஜனம். நாற்காலி போட்டாகூட உக்காரத் தெரியாது. எப்டி டிவி பாப்பானுங்க தெரியுமா? தோ, இப்டி."

எழுந்து தரையில் குந்தி உட்கார்ந்து, வாயைப் பிளந்து, கண்ணைக் கொட்டாமல் சுவரைப் பார்த்தார். அறை முழுக்கச் சிரிப்பு. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நிலா. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அந்த ஆளுங்க செம காமெடி இல்ல?" என்றாள்.

என் அப்பா பல வருஷம் கரும்பு வெட்டக் கீழே இறங்கிப் போனவர். அவருக்கு யாரும் நாற்காலி போட்டதாக அவர் சொன்னதில்லை.

நானும் சிரித்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்புகளை எழுதுவதற்கே அர்த்தமில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை காலை மலை முழுக்க மூட்டம். அதைப் பார்த்ததும் ஐந்து பேர் தோசை சுடுகிறோம் என்று வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். ஏறியது ஆறு பேர்: தனசேகர் அண்ணன், கலா அக்கா, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற கார்த்திக், அவன் மனைவி ஜெயந்தி, நிலா, நான்.

மேலே மாடு மேய்க்கிற புல்வெளி வரை போய், கலா அக்கா சுமந்து வந்த ஜமுக்காளத்தை விரித்துப் புளிசாதம் சாப்பிட்டு, இறங்க ஆரம்பித்தபோது மழை பிடித்துக்கொண்டது. பாதை வளைந்து வளைந்து போனது. தனசேகர் அண்ணனுக்குப் பொறுமை இல்லை.

"தோ கீழ தெரியுது பாரு பாதை. நேரா எறங்குனா அஞ்சு நிமிசம். எதுக்கு இவ்ளோ சுத்திக்கினு?"

"வேணாம்ணே, புல்லு ஈரமா இருக்கு" என்றேன்.

"ஏம்மா, நான் சேத்து வரப்புல ஓடுனவன். எனக்கே சொல்றியா?"

வரப்பு ஒரு முழ உயரம். இது மலை. நாலாவது அடியில் கால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கி, கீழே பாதையோரப் பாறையில் போய் மோதி நின்றார். நாங்கள் சுற்றி ஓடிப் போய்ச் சேர்ந்தபோது வலது பாதம் இருக்க வேண்டிய திசையில் இல்லை.

"அம்மா, அங்கிள் காலு கெட்டுப்போச்சா?" என்றாள் நிலா. உடைந்தது, கெட்டது, பழுதானது எல்லாவற்றுக்கும் ஜெர்மனில் ஒரே சொல். அவள் தமிழும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கிறது.

நான் நர்ஸாக என் வேலையைப் பார்த்தேன். தலையில் அடியில்லை, கழுத்து, முதுகு சரியாக இருந்தது, பாதத்தில் நாடி ஓடியது. உடைந்தது கணுக்கால் மட்டும். மலையேற நாங்கள் கொண்டுவந்திருந்த ஊன்றுகோல்கள் இரண்டை வைத்துத் துப்பட்டாவால் கட்டினேன். அவசர உதவிக்குப் போன் செய்தால், பேசியவர் அந்த மலைப்பக்கத்துப் பேச்சில் பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. நிலா போனை வாங்கிக்கொண்டாள். பள்ளியில் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகளிடம் கற்ற பேச்சு, அவளுக்கு முழுசாகப் புரிந்தது.

"ஹெலிகாப்டர் இந்த மூட்டத்துல பறக்காதாம். மீட்புக் குழு வேற ஒரு மலையில இருக்காங்களாம். நடந்து வர ரெண்டரை மணி நேரம் ஆகுமாம்."

மழை நிற்கவில்லை. அவர் முழுக்க நனைந்திருந்தார். சர்க்கரை வியாதிக்காரர். உதடு நடுங்க ஆரம்பித்திருந்தது, பேச்சு குறைந்திருந்தது. தனசேகர் அண்ணன் பேச்சைக் குறைத்தால் அதுவே ஆபத்துதான். உடம்பு சூடு இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது. இரண்டரை மணி நேரம் இந்த ஈரத்தில் கிடந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

நிலா மறுபடி சொன்னாள். "கீழ காட்டுச் சாலை வரைக்கும் நாமளே கொண்டு வந்தா, ஆம்புலன்ஸ் அங்க வந்துடுமாம். முடியுமான்னு கேக்குறாங்க."

சாதாரணமாக நடந்தால் அரை மணி நேர இறக்கம். கார்த்திக் அவரை மேலும் கீழும் பார்த்தான். "அக்கா, சான்ஸே இல்ல. நாலு ஸ்டெப்புகூட முடியாது."

கலா அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். சுற்றிலும் பார்த்தேன். பாதையோரம் வெட்டிச் சீவி அடுக்கிய இளம் ஊசியிலை மரங்கள் கிடந்தன.

"முடியும்னு சொல்லு" என்றேன்.

5

எங்கள் ஊரில் ஆளைத் தூக்கிப்போக டோலி கட்டுவதென்றால் மூங்கில் எடுப்போம். மூங்கில் கனமில்லாதது, வளைந்து கொடுக்கும். இங்கே கிடைத்தது பச்சை மரம். நாலைந்து கழிகளைத் தட்டிப் பார்த்து, ஏறி நின்று பார்த்து, விரிசல் இல்லாத ஒன்றை எடுத்தேன். "இது யாரோடதோ, கேக்காம எடுக்கலாமா?" என்றாள் ஜெயந்தி. ஆபத்திலும் அவளுக்கு ஜெர்மன் புத்தி. கலா அக்காவின் ஜமுக்காளத்தை விரித்து இரண்டு முனையையும் கழியில் முடிந்தேன். என் கைக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது. இருபது வருஷத்துக்கும் மேலாயிற்று, கை மறக்கவில்லை.

கலா அக்கா அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதெல்லாம் எங்கம்மா கத்துக்கின? ஆஸ்பத்திரியிலயா?"

முடிச்சை இழுத்து இறுக்கிக்கொண்டே சொன்னேன். "இல்லக்கா. எங்க ஊர்ல. நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் இல்ல. கல்வராயன் மலை மேல, மூங்கிலோடை. எங்கப்பா கரும்பு வெட்ட உங்க பக்கம்தான் எறங்கி வருவாரு. அண்ணன் நேத்து நடிச்சிக் காட்டினாரே, அந்த ஜனம்தான் நாங்க."

நிலா என்னைப் பார்த்தது தெரிந்தது, நான் நிமிரவில்லை. முடிச்சைப் பார்க்க வேண்டியிருந்தது.

அவரை ஜமுக்காளத்தில் புரட்டி ஏற்றினோம். இறக்கத்தில் கால் முன்னால், தலை பின்னால், மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். அப்படித்தான் வைத்தேன். அதுவரை முனகிக்கொண்டிருந்த மனிதர் கண்ணைத் திறந்தார்.

"ஏம்மா, கால முன்னால வெச்சா தூக்கினு போற? நான் இன்னும் சாவல!"

"இன்னாங்க நீங்க? உசுரு நடுங்கிக்கினு கெடக்குது, இப்ப போயி சாஸ்திரமா?" என்றார் கலா அக்கா.

"வேணாம். கால் முன்னால போறது பொணம். நான் இங்கயே கெடக்கறேன், நீங்க போங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் தப்பு என்னுடையது. எங்கள் ஊரிலும் உயிரோடு இருக்கிறவரைக் கால் முன்னால் வைத்து யாரும் தூக்க மாட்டார்கள். நான் இப்படிக் கட்டியதை அம்மா பார்த்திருந்தால் கையில் ஒன்று போட்டிருப்பார். தலை முன்னால் போகும். அதற்கேற்ற கட்டும் உண்டு. இறக்கத்தில் தலைப்பக்க முடிச்சைக் கழியோடு ஒட்டிக் குட்டையாகப் போட வேண்டும், கால்பக்கத்தை ஒரு முழம் தொங்கவிட வேண்டும். உயரமானவர்கள் முன்னால், குள்ளமானவர்கள் பின்னால். அப்போது தலை எப்போதும் மேலேதான் இருக்கும். படித்ததை அவிழ்த்துவிட்டு அம்மா கட்டுகிற மாதிரி கட்டினேன். காலுக்கு அடியில் பையை வைத்து அணைகொடுத்தேன்.

முன்னால் கார்த்திக்கும் கலா அக்காவும். அக்கா நல்ல உயரம், சின்ன வயசில் நெல் மூட்டை தூக்கிய தோள். பின்னால் ஜெயந்தியும் நானும். தூக்கினோம். ஜெயந்தியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, தமிழும் இல்லை, ஜெர்மனும் இல்லை.

கார்த்திக் பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தவனாம். "லெஃப்ட், ரைட்" என்று எல்லோரையும் ஒரே காலில் நடக்கவைத்தான். பத்தடியில் டோலி ஊஞ்சலாட ஆரம்பித்தது.

"டேய், ஆட்டாதீங்கடா! தூக்குறீங்களா, தாலாட்டுறீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல்.

"கால் ஒண்ணா வெக்கக் கூடாது கார்த்திக்" என்றேன். "முன்னால எடது வெச்சா பின்னால வலது. அப்பதான் ஆடாது. நான் தோளுன்னு சொன்னா, நீங்க எல்லாரும் மாத்துன்னு சொல்லி ஒரே மூச்சுல தோள் மாத்தணும். கீழ வெக்கக் கூடாது."

நிலாவை முன்னால் அனுப்பினேன். பாதையில் என்ன இருக்கிறது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். டோலி தூக்குகிறவர்களுக்குக் கீழே பார்க்க முடியாது. "கல்லு! தண்ணி! இன்னொரு கல்லு!" என்று கத்தினாள். மரத்தின் வேர்கள் பாதை முழுக்கப் பாம்பு மாதிரி கிடந்தன. வேர் என்ற சொல் அவளுக்கு வரவில்லை. "வுர்ட்சல்!" என்றாள். கொஞ்ச தூரத்தில் கலா அக்காவும் எங்களுக்குத் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தார். "வுர்ட்சல் வருது, பாத்து, வுர்ட்சல் வருது!"

"தோளு!"

"மாத்து!"

பாதி தூரம் வந்தபோது டோலிக்குள்ளிருந்து மெதுவாக ஒரு குரல். "பூங்கொடி."

"சொல்லுங்கண்ணே. பேசிக்கினே இருங்க, அதான் நல்லது."

"உங்கப்பா பேரு இன்னா?"

"சடையன்."

"எங்க கொல்லைக்கு வந்திருப்பாரா?"

"வந்திருக்கலாம்ணே."

"பேரு கேட்டதே இல்ல நாங்க" என்றார். பிறகு குளிரினாலோ எதனாலோ குரல் உடைந்தது. "ஒருத்தர்கிட்டகூட கேட்டதில்லம்மா."

தோளு என்று கத்திக் கழியை அடுத்த தோளுக்கு மாற்றினேன். அரை மணி நேர இறக்கம், ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஆனால் ஒரு முறைகூட அவரைத் தரையில் வைக்கவில்லை. காட்டுச் சாலையில் வண்டி நின்றிருந்தது. மீட்புக் குழுத் தலைவர் மார்ட்டினும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார், நரைத்த தாடிக்காரர். அவர் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நொடி முடிச்சைப் பார்த்தார். அதைத் தொட்டுப் பார்த்தார், அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்.

எனக்கு அவ்வளவு கர்வமாக இருந்தது. அடக்கமாகச் சொல்ல நினைத்தேன், வரவில்லை. கர்வம்தான்.

6

மருத்துவமனையில் அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, நானும் நிலாவும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். இயந்திரத்தில் பிடித்த சூடான கோகோவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ முன்னாடி யாரைத் தூக்கின?"

சொன்னேன். எனக்கு அப்போது பதினைந்து வயது, பள்ளிக்கூட லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். என் சித்திக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது, குழந்தை குறுக்கே கிடந்தது. ஊருக்குச் சாலை கிடையாது. ஆண்கள் பாதிப்பேர் மிளகு பறிக்கக் கேரளத்துக்கும், மீதிப்பேர் கரும்பு வெட்டக் கீழேயும் போயிருந்தார்கள். அம்மா கம்பளியை எடுத்து மூங்கிலில் கட்டினார். பெண்கள் ஆறு பேர் மாற்றி மாற்றி எட்டு கிலோமீட்டர் தூக்கினோம், வெள்ளிமலை ஆஸ்பத்திரி வரை. அங்கேயிருந்து வண்டி வைத்துக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். சித்தி பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. அந்தக் குழந்தை இப்போது காலேஜ் முடித்துவிட்டான். என் வலது தோளில் அன்று விழுந்த காய்ப்பு ரொம்ப நாள் இருந்தது. நர்ஸாக வேண்டும் என்று நான் முடிவு செய்தது அந்த ஆஸ்பத்திரி வாசலில்தான்.

இதைப் பெருமையாக எழுதுகிறேனே என்று ஊரில் யாராவது சண்டைக்கு வரலாம். வாருங்கள். சாலை இல்லாதது பெருமை இல்லை, அது அவமானம், எங்களுக்கு அல்ல. டோலியில் கிளம்பி உயிரோடு போய்ச் சேராதவர்களையும் எனக்குத் தெரியும், அவர்கள் பெயரும் தெரியும். டோலி கட்டத் தெரியாத தலைமுறை எங்கள் மலையில் வர வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். ஆனால் வழியே இல்லாத இடத்தில் தோளைக் கொடுத்து ஓர் உயிரைக் கொண்டுவந்து சேர்த்த பெண்கள் இருக்கிறார்களே, அவர்கள் வீட்டுப் பெண் நான். அதை ஏழு வருஷம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

நிலா கோகோவைக் குடிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து அங்கிள் சொன்ன ஆளுங்க... அது தாத்தாவா?"

"ஆமா. தாத்தா மாதிரி ஆளுங்க."

கோப்பையைக் கீழே வைத்தாள். முகம் சிவந்துவிட்டது. "நான் சிரிச்சேன்மா."

"நானும்தான் சிரிச்சேன். உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தப்பு என்னோடதுதான்."

அவள் என் வலது தோளில் கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். அன்று அது நிஜமாகவே வீங்கியிருந்தது. எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

7

அக்டோபரில் மார்ட்டின் போன் செய்தார். அந்த டோலி கட்டுகிற விதத்தை எங்கள் குழுவுக்குச் சொல்லித் தர முடியுமா, சனிக்கிழமை மதியம் எல்லோரும் இருப்போம் என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, என்னென்ன சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்பது. ஏழு வருஷப் பழக்கம். அவர், "கழி இங்கேதான் இருக்கிறது. நீங்கள் வந்தால் போதும்" என்றார்.

தனசேகர் அண்ணனும் கைத்தடிகளோடு வந்து சேர்ந்தார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. வந்த இடத்தில் சும்மா இருக்கவில்லை. பன்னிரண்டு ஜெர்மன்காரர்களிடமும் தனித்தனியாகப் போய், "இது எங்கள் பூங்கொடி. எங்கள் ஊருக்கு மேலே மலை இருக்கிறது, அந்த மலைக்காரர். அவர் அப்பா பெயர் சடையன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெருமையடிக்க அவருக்கு எப்போதும் ஏதாவது வேண்டும். இப்போதைக்கு நாங்கள்.

நான் இரண்டு முறை கட்டிக் காட்டினேன். படுத்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும் என்றதும் நிலா தானே வந்து ஏறிப் படுத்துக்கொண்டாள். நான்கு வாட்டசாட்டமான ஆட்கள் தூக்கினார்கள். நிலையத்துக்குப் பின்னால் இருந்த சரிவில், காலை மாற்றி மாற்றி வைத்து இறங்கினார்கள். குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் கூடவே நடந்து வந்தாள். அவளுக்கு ஒரு சந்தேகம். எங்கள் பயிற்சியில் இறக்கத்தில் கால்தான் முன்னால் போகும், நீங்கள் ஏன் தலையை முன்னால் வைக்கிறீர்கள் என்று கேட்டாள்.

ஜெர்மனில் அதை எப்படிச் சொல்வது என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் டோலிக்குள்ளிருந்து நிலாவின் குரல் வந்தது. அந்த மலைப்பக்கத்துப் பேச்சில், ஒரு சின்ன விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"எங்க ஊர்ல உயிரோட இருக்கிறவங்களத் தலை முன்னாலதான் தூக்குவோம்."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். டோலி என்னைத் தாண்டிக் கீழே போய்விட்டது.

அந்த ஊரை நிலா இன்னும் பார்த்ததில்லை. டிசம்பர் லீவுக்கு டிக்கெட் போட்டாயிற்று. இந்த முறை நீங்கள் இறங்கி வர வேண்டாம், நாங்கள் ஏறி வருகிறோம் என்று அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டேன்.